குடல் அழற்சி நோயில் சிரைவழி ஊட்டம்: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

வலியசாலை (திருவனந்தபுரம்): குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய குடல் அழற்சி நோயால் எடை குறைந்து தளர்ந்தவர்களுக்கு உணவை நேரடியாக இரத்தத்தில் செலுத்தும் சிகிச்சை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளது. மருத்துவமனைகளில் டிபிஎன் என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் இந்தச் சிரைவழி ஊட்டம், குடல் செயலிழந்த நோயாளியை உயிருடன் வைத்திருக்கக் கூடியது. குடல் செயல்படும் நோயாளிக்கு அதே சிகிச்சை தேவையற்ற ஆபத்தாகவும் முடியலாம். இந்த வேறுபாடு பல குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி வலியசாலை. இங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, 1951-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் திருவனந்தபுரத்தின் மருத்துவமனைகளுக்கு வருவது நீண்டகால வழக்கம். படுக்கையருகே பேசப்படுவது மலையாளம், கோப்பில் எழுதப்படுவது ஆங்கிலம் என்ற நிலையில், தமிழில் விளக்கம் தேடுவோர் இந்த நகரில் குறைவில்லை.

குளுக்கோஸ் பாட்டில் உணவாகுமா?

முதலில் களைய வேண்டிய குழப்பம் ஒன்று உண்டு. பலவீனம் என்றவுடன் 'ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டால் தெம்பு வந்துவிடும்' என்பது தமிழகத்திலும் கேரளத்திலும் பரவலான நம்பிக்கை. 5 சதவீத குளுக்கோஸ் கரைசல் உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 85 கலோரி, அதாவது ஏறத்தாழ இரண்டு இட்லி. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,250 முதல் 1,500 கலோரி வரை தேவைப்படும். அதைக் குளுக்கோஸ் பாட்டிலால் மட்டும் ஈடுசெய்ய வேண்டுமானால் 15 முதல் 18 பாட்டில்கள் ஏற்ற வேண்டும். அவ்வளவு நீரை உடல் தாங்காது. தாங்கினாலும் அதில் புரதமோ கொழுப்போ வைட்டமினோ கிடையாது. பாட்டில் ஏற்றியபின் உணரப்படும் தெம்பு, நீரிழப்பு நீங்கியதன் விளைவேயன்றி ஊட்டம் கிடைத்ததன் விளைவு அன்று.

அல்புமின் பாட்டிலைப் பற்றியும் இதே போன்ற குழப்பம் நிலவுகிறது. குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது இரத்தத்தில் அல்புமின் அளவு குறைவது, பெரும்பாலும் அழற்சியாலும் குடல்வழிக் கசிவாலும் நேர்வது. வெளியிலிருந்து அல்புமின் ஏற்றுவதால் அந்த எண் சில நாள் உயரலாம். நோயாளி உணவூட்டப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. விலை மிகுந்த இந்தப் பாட்டிலை வாங்கி வரச் சொல்லும்போது, அது எதற்காக என்று கேட்கும் உரிமை குடும்பத்தினருக்கு உண்டு.

பையில் என்ன இருக்கிறது?

சிரைவழி ஊட்டம் என்பது முழு உணவு. குளுக்கோஸ், புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள், கொழுப்புப் பால்மம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் போன்ற உப்புகள், வைட்டமின்கள், துத்தநாகம், செலினியம், தாமிரம் போன்ற நுண்தனிமங்கள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். தீவிர அழற்சியில் உள்ளவருக்குப் புரதம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான எஸ்பென் அமைப்பின் வழிகாட்டுதல்.

இந்திய மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படுவது மூன்று அறைகள் கொண்ட ஆயத்தப் பை. ஓர் அறையில் குளுக்கோஸ், மற்றொன்றில் அமினோ அமிலம், மூன்றாவதில் பால் போன்ற வெண்ணிறக் கொழுப்பு. ஏற்றுவதற்கு முன் அறைகளுக்கு இடையிலான தடுப்பை அழுத்தித் திறந்து கலக்க வேண்டும். இத்தகைய பைகளில் வைட்டமின்களும் நுண்தனிமங்களும் பொதுவாகச் சேர்க்கப்பட்டிருப்பதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். பை முழுமையாகத் தோன்றுவதாலேயே இது மறக்கப்படும் வாய்ப்பு உள்ளது. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஊசிவழி வைட்டமின்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வைட்டமின் இல்லாமல் சிரைவழி ஊட்டம் பெற்றவர்களுக்குத் தயமின் குறைபாட்டால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்தது 1997-ல் பதிவு செய்யப்பட்டது.

கொழுப்புப் பால்மத்தைப் பற்றி வலியசாலை போன்ற, சைவ உணவுக் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் எழக்கூடிய ஒரு கேள்வி உண்டு. சோயா எண்ணெயே இதன் பழைய வடிவம். எண்ணெய்த் துளிகளை நீரில் சிதறவைக்க முட்டை மஞ்சள் கருவிலிருந்து பெறப்படும் பாஸ்போலிப்பிட் சேர்க்கப்படுகிறது. புதிய கலவைகளில் ஆலிவ் எண்ணெய், மீன் எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நடுத்தர நீளக் கொழுப்பு ஆகியவை இடம்பெறுகின்றன. முட்டை, சோயா, மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிப்பது கட்டாயம். உணவு நெறி காரணமாகக் கேட்பவர்களும் தயங்காமல் கேட்டுத் தெளியலாம்.

பையின் பிளாஸ்டிக்கும் சாதாரணமானது அன்று. இந்தியாவில் இரத்தப் பை தயாரிப்பு வேரூன்றியதில் திருவனந்தபுரத்துக்குத் தனியிடம் உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் 1980-களில் இங்கேயே உற்பத்திக்குச் சென்றது. இரத்தப் பைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பிவிசி பிளாஸ்டிக்கில் நெகிழ்வுக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருளைக் கொழுப்பு கரைத்தெடுத்துவிடும். எனவே கொழுப்பு கலந்த ஊட்டக் கரைசலுக்கு அந்த வேதிப்பொருள் இல்லாத வேறு பிளாஸ்டிக்கில் பைகள் செய்யப்படுகின்றன.

'நரம்பில் ஏற்றுதல்' என்றே மக்கள் வழக்கில் சொல்லப்பட்டாலும், கரைசல் செல்வது நரம்பில் அன்று, சிரை எனப்படும் இரத்தக் குழாயில். முழு ஊட்டக் கரைசல் மிகவும் செறிவானது. புறங்கையின் சிறிய சிரையில் ஏற்றினால் அது வீங்கி அடைபட்டுவிடும். எனவே மேற்கையிலோ கழுத்திலோ நுழைக்கப்படும் மெல்லிய குழாயின் முனை, இதயத்துக்குச் சற்று மேலுள்ள பெருஞ்சிரையை அடையுமாறு வைக்கப்படுகிறது. அங்கே பாயும் மிகுதியான இரத்தத்தில் கரைசல் உடனே நீர்த்துவிடும். செறிவு குறைந்த கரைசலைச் சில நாள்களுக்கு மட்டும் கையின் சிரையில் ஏற்றும் முறையும் உண்டு.

'குடலுக்கு ஓய்வு' என்ற கருத்து எப்படி மாறியது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவரது குழுவினரும் 1960-களில் நாய்க்குட்டிகளுக்குச் சிரைவழியாக மட்டும் உணவளித்து, அவை இயல்பாக வளர்வதைக் காட்டினர். அடுத்து, சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும் இல்லாத நிலையில் பிறந்த குழந்தை ஒன்றுக்கும் இம்முறையில் உணவளித்து வளர்ச்சியைக் கண்டனர். அதே காலத்தில் சுவீடனில் ஆர்விட் விரெட்லிண்ட் பாதுகாப்பான கொழுப்புப் பால்மத்தை உருவாக்கியிருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோது, வாய்வழி ஒரு கவளமும் இன்றி மனிதர் வாழ முடியும் என்பது உறுதியாயிற்று.

குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது பெரும் நம்பிக்கையை அளித்தது. புண்பட்ட குடலுக்கு உணவு படாமல் ஓய்வு கொடுத்தால் அது தானே ஆறிவிடும் என்ற எண்ணம் இயல்பானது. அடிபட்ட காலுக்கு ஓய்வு கொடுப்பதில்லையா? 1970-களில் இந்த எண்ணத்தின் அடிப்படையில் ஏராளமான நோயாளிகளுக்கு வாய்வழி உணவு நிறுத்தப்பட்டு, சிரைவழி ஊட்டம் கொடுக்கப்பட்டது.

முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் அதற்கு ஆதரவாக அமையவில்லை. கடுமையான பெருங்குடல் அழற்சியில் ஸ்டீராய்டு மருந்துடன் குடலுக்கு ஓய்வும் கொடுத்தவர்கள், உணவு உண்டவர்களைவிட நன்றாகத் தேறவில்லை என்பது 1980-லும் 1986-லும் வெளியான ஆய்வுகளின் முடிவு. குரோன் நோயாளிகள் 51 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்த கனடா ஆய்வு 1988-ல் வெளியானது. முழுச் சிரைவழி ஊட்டம் பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும், மூக்குக் குழாய்வழித் திரவ உணவு பெற்றவர்களில் 58 சதவீதத்தினரும், வாய்வழி உணவுடன் ஓரளவு சிரைவழி ஊட்டம் பெற்றவர்களில் 60 சதவீதத்தினரும் நோய் தணிந்த நிலையை அடைந்தனர். புள்ளியியல் நோக்கில் இவை வேறுபாடாகக் கருதத்தக்கவை அல்ல. குடலை முற்றிலும் ஓய்வில் வைத்தது தனிப் பயன் எதையும் தரவில்லை. 1993-ல் ஸ்பெயினில், கடுமையான பெருங்குடல் அழற்சி உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், இரு முறைகளிலும் நோய் தணிந்த விகிதம் ஒத்திருந்தது. பக்கவிளைவுகளோ குழாய்வழி உணவு பெற்றவர்களிடம் குறைவாக இருந்தன.

குடலின் உட்சுவர் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தில் ஒரு பகுதியைத் தம்மீது படும் உணவிலிருந்தே பெறுகின்றன என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. குறிப்பாகப் பெருங்குடலின் உயிரணுக்கள், நார்ச்சத்தை நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்களை எரிபொருளாகக் கொள்கின்றன. பல நாள் பட்டினியில் குடலின் உறிஞ்சும் பரப்பு மெலிகிறது.

அலை இப்போது எதிர்த் திசையில் வீசுகிறது எனலாம். குழந்தைகளின் குரோன் நோயில், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, ஊட்டத் திரவத்தை மட்டும் குடிக்கக் கொடுப்பது முதல்நிலைச் சிகிச்சையாகவே பரிந்துரைக்கப்படுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கடுமையான பெருங்குடல் புண் அழற்சியுடன் சேர்க்கப்பட்டவர்களிடம், ஸ்டீராய்டுடன் ஒரு வாரம் திரவ ஊட்டத்தை மட்டும் கொடுத்து நடத்தப்பட்ட சிறிய ஆய்வு 2021-ல் வெளியாகி, ஊக்கம் தரும் முடிவுகளைக் காட்டியது.

அப்படியானால் யாருக்குத் தேவை?

வாய்வழியோ குழாய்வழியோ போதிய உணவு செலுத்த இயலாதபோது மட்டுமே சிரைவழி ஊட்டம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் சாரம். குரோன் நோயால் குடல் சுருங்கி முற்றிலும் அடைபட்டு, அடைப்பைத் தாண்டிக் குழாயைச் செலுத்த முடியாத நிலை அவற்றுள் ஒன்று. குடலிலிருந்து தோலுக்குத் துளை ஏற்பட்டு, உண்டது பெருமளவில் வெளியேறும் நிலை மற்றொன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் இணைப்பு கசிவதும், குடல் இயக்கம் நின்றுபோவதும், குடல் பெருமளவு அகற்றப்பட்டு நீளம் குறைந்துபோவதும் இவ்வரிசையில் வரும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் சிலருக்குத் தேவைப்படலாம். ஆறு மாதங்களில் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவரை அவசரமின்றி அறுவை மேசைக்குக் கொண்டு செல்வதைவிட, 7 முதல் 14 நாள்கள் ஊட்டமளித்துத் தேற்றிய பின் செய்வது காயம் ஆறுவதற்கு உதவும். அப்போதும் குழாய்வழி உணவே முதல் தேர்வு.

நம் நாட்டில் இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. குடல் காசநோயும் குரோன் நோயும் அறிகுறியிலும் உள்நோக்கிச் சோதனையிலும் ஒன்றுபோலவே தோற்றமளிப்பதால், எது என்று உறுதிசெய்யவே வாரங்களும் மாதங்களும் ஆகலாம். காசநோய்க்கு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துவிட்டால் கேடு என்பதால் மருத்துவர்கள் பொறுத்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் எடை கரைந்துகொண்டே போகும். நோயின் பெயர் முடிவாகும் வரை ஊட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதல் சில நாள்களின் ஆபத்து

நெடுநாள் பட்டினியில் இருந்தவருக்குத் திடீரென முழு அளவில் உணவளிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் உணவு கிடைத்தபின் இறந்துபோனது, இந்த மீளூட்ட விளைவை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. குளுக்கோஸ் பாய்ந்தவுடன் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. அவற்றின் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு பிறழலாம். மூச்சுத் தசைகள் தளரலாம். தயமின் போதாவிட்டால் மூளையும் பாதிக்கப்படலாம்.

பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை எண் 16-க்குக் கீழே உள்ளவர்களும், 10 நாள்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதவர்களும் அதிக ஆபத்தில் உள்ளவர்கள் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006-ல் வெளியிட்ட வரையறை. இவர்களுக்கு முதலில் தயமின் கொடுத்து, எடையின் ஒரு கிலோவுக்கு 10 கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாள்களில் படிப்படியாக உயர்த்த அது பரிந்துரைத்தது. 35 கிலோவுக்கு இளைத்துப்போன நோயாளிக்கு முதல் நாளில் 350 கலோரி மட்டுமே கொடுக்கப்படுவதைக் கண்டு, மருத்துவமனை அலட்சியம் செய்கிறது என்று உறவினர் எண்ணக் கூடும். அது அலட்சியம் அன்று. அந்நாள்களில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் தினமும் சோதிக்கப்படுகின்றனவா என்பதே கவனிக்க வேண்டியது.

தொற்று இன்னொரு பெரிய ஆபத்து. இதயத்தருகே முடியும் குழாய் வழியே கிருமி நுழைந்தால் நேராக இரத்தத்தில் கலக்கிறது. ஊட்டம் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், குழாய்த் தொற்று என்றே கருதி உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். ஊட்டம் செல்லும் குழாய் வழியைப் பிற மருந்துகளுக்கோ இரத்தம் எடுக்கவோ பயன்படுத்தாமல் இருப்பது, தொடும் முன் கைகழுவுவது, ஒரு பையை 24 மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடாதது ஆகிய எளிய ஒழுங்குகளே தொற்றைப் பெருமளவு தடுக்கின்றன.

ஸ்டீராய்டும் குளுக்கோஸும் சேரும்போது இரத்தச் சர்க்கரை எகிறும். நீரிழிவு மிகுந்த கேரளத்திலும் தமிழகத்திலும் இது சிறு விஷயம் அன்று. குடல் அழற்சி நோய் இரத்தம் உறையும் போக்கை ஏற்கெனவே கூட்டியிருக்க, சிரைக்குள் இருக்கும் குழாய் அதை மேலும் கூட்டுகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

இளநீரும் உப்பும்

குடல் பலமுறை வெட்டப்பட்டு, சிறுகுடல் 200 சென்டிமீட்டருக்கும் குறைவாக எஞ்சியவர்களின் நிலை வேறு. பெருங்குடலும் இல்லாமல், வயிற்றில் துளையிட்டு மலப்பை பொருத்தப்பட்டவர்களில், எஞ்சிய குடல் 100 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்போர் பலருக்கு நெடுங்காலச் சிரைவழி ஊட்டமோ உப்புநீரோ தேவைப்படுகிறது. பையில் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வெளியேறும்போது தாகம் வாட்டும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையோ இளநீரையோ நிறையக் குடிப்பதுதான் பலரும் செய்வது. நீளம் குறைந்த குடலில் சோடியம் குறைந்த திரவம் இறங்கினால், குடல் சுவர் உடலிலிருந்தே சோடியத்தை அதற்குள் கசியவிடும். நீரும் அதைத் தொடரும். குடிக்கக் குடிக்க இழப்பு கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகையோருக்குத் தேவை உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்த நீர். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளைக் காத்த அதே உப்பு-சர்க்கரைத் தத்துவம்தான். இன்று கடைகளில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. குறுங்குடல் நோயாளிகளுக்கு 90 அல்லது அதற்கு மேல் பரிந்துரைக்கப்படுவது வழக்கம். 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றை ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் கலவை பல நாடுகளில் பயன்படுகிறது. சிறுநீரகம், இதயம் பாதிக்கப்பட்டோர் மருத்துவரின் சொல்லின்றி இதைத் தொடங்கக் கூடாது. முறையாகப் பின்பற்றிய சிலருக்குச் சிரைவழித் திரவத்தின் தேவையே குறைந்துவிடுவதுண்டு.

வீட்டில் தொடர முடியுமா?

1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் தொடங்கிய வீட்டுச் சிரைவழி ஊட்டம், மேற்கு நாடுகளில் இன்று நிலைபெற்ற சிகிச்சை. தோலுக்கடியில் செலுத்திப் பொருத்தப்பட்ட குழாய் வழியே இரவு முழுவதும் ஊட்டம் ஏறும். காலையில் குழாயை மூடிவிட்டு நோயாளி வேலைக்குச் செல்வார். பிரிட்டனில் செலவை அரசின் சுகாதாரச் சேவை ஏற்கிறது.

இந்தியாவில் இந்த வழியில் வாழ்வோர் மிகச் சிலரே. ஒரு நாள் பையின் விலையே ஆயிரக்கணக்கில் வருகிறது. அதனுடன் பம்ப், கிருமிநீக்கிய பொருள்கள், இரத்தச் சோதனைகள், மின்தடையின்றி இயங்கும் குளிர்பெட்டி, குழாயைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவர் ஆகியவையும் வேண்டும். குடல் வளர்ச்சியைத் தூண்டும் டெடுகுளூடைட் மருந்து 2012-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றாலும், அதன் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. குடல் மாற்று அறுவைச் சிகிச்சை சென்னை, கொச்சி உள்ளிட்ட நகரங்களில் செய்யப்பட்டுள்ளது. எனினும், சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று ஆகியவற்றோடு ஒப்பிட அதன் எண்ணிக்கை சொற்பம்.

இந்நிலையில், ஒவ்வோர் அறுவையிலும் வெட்டப்படும் குடலின் நீளத்தைவிட எஞ்சியிருக்கும் நீளம் முக்கியமாகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பில், எஞ்சிய சிறுகுடல் எத்தனை சென்டிமீட்டர், பெருங்குடலில் எந்தப் பகுதி மிச்சம், குழாய் எப்போது வைக்கப்பட்டது, கடைசியாக அளந்த எடை என்ன, பாஸ்பேட், மெக்னீசியம் அளவுகள் என்ன ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொண்டு நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ தொடர்சிகிச்சை பெறுபவருக்கு, அடுத்த மருத்துவர் முதலில் தேடுவது இந்த விவரங்களையே.